டாரோ கற்பது எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

14 வருடமாக டாரோ சீட்டுகளோடு, அதாவது பலர் குறி பார்க்கப் பயன்படுத்தும் படச் சீட்டுகளோடு, பழகி வருகிறேன். ஜோசியம் சொல்வதில்லை, காசு வாங்கிக்கொண்டு யாருக்கும் பார்ப்பதுமில்லை. காலையில் ஒரு சீட்டு, ஒரு நோட்டு, கால் மணி நேரம். அவ்வளவுதான் என் பயிற்சி. இதைக் கேள்விப்பட்டுத் தோழிகளும், அவர்கள் சொல்லி வந்தவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நிதானமாக எழுதிய பதில்கள் இவை.

டாரோ, டாரட் எல்லாம் ஒன்றா? இந்தக் கட்டில் என்ன இருக்கிறது?

ஒன்றுதான். பிரெஞ்சில் அந்தச் சொல்லின் கடைசி எழுத்து ஒலிக்காது, அதனால் டாரோ. டாரட், டேரட் என்று எழுதினாலும் அதே கட்டுதான்.

மொத்தம் 78 சீட்டு. அதில் 56 சீட்டுகள் நாம் சீட்டாடும் கட்டின் உறவுக்காரர்கள். கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு வகை, வகைக்கு 14. ஒன்றிலிருந்து பத்து வரை எண் சீட்டுகள், பிறகு சேவகன், குதிரை வீரன், ராணி, ராஜா. மீதி 22 சீட்டுகள் எந்த வகையிலும் சேராதவை. சூரியன், நிலா, தேர், சக்கரம், துறவி, மரணம், இடிந்து விழும் கோபுரம் என்று ஒவ்வொன்றும் தனிப் படம். இவற்றைத்தான் மேஜர் அர்கானா என்கிறார்கள்.

இது பழைய எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய நூலாமே?

இல்லை. டாரோவைப் பற்றிப் பரவிய கதைகளில் மிகவும் வெற்றி பெற்ற கதை இதுதான். அது எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பிற்பாடு பல பொய்களிலிருந்து தப்பிக்கலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்குப் போனது 14-ஆம் நூற்றாண்டில், மம்லூக் சுல்தான்களின் இஸ்லாமிய உலகத்திலிருந்து. அவர்களுடைய கட்டு ஒன்று இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் இருக்கிறது. அதிலும் நான்கு வகைதான்: கோப்பை, காசு, வாள், போலோ மட்டை. ஐரோப்பியர்களுக்கு அப்போது போலோ பழக்கமில்லாத விளையாட்டு. மட்டை அவர்கள் கையில் வெறும் கோலாகிவிட்டது. இன்று டாரோவில் நாம் பார்க்கும் கோல் அந்தப் போலோ மட்டைதான்.

1440-களில் வட இத்தாலியில் இந்தக் கட்டோடு 22 படச் சீட்டுகளைச் சேர்த்தார்கள். மற்றச் சீட்டுகளை வெல்லும் சீட்டுகள் என்பதால் அவற்றுக்கு 'த்ரியோன்ஃபி', அதாவது வெற்றிகள், என்று பெயர். சீட்டாட்டத்தில் நாம் சொல்கிற 'துருப்பு' ஐரோப்பிய வாணிகர்களின் வாய்வழியாக நமக்கு வந்தது. அதுவும் இதே சொற்குடும்பம்தான். டாரோ பிறந்தது ஆட்டத்துக்காக. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் அதை வைத்துச் சீட்டாடுகிறார்கள்.

மிலான் பிரபுக் குடும்பத்துக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த விஸ்கோன்ட்டி-ஸ்ஃபோர்ஸா கட்டில் 74 சீட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. 35 நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில், 26 பெர்காமோவின் கர்ராரா அகாதெமியில், மீதி ஒரு குடும்பத்தாரிடம். கிடைக்காத நான்கில் இரண்டு, இன்று எல்லோரும் பார்த்துப் பயப்படும் சாத்தானும் கோபுரமும்.

எகிப்துக் கதை 1781-இல் வந்தது. கூர் த ஜெபலன் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தச் சீட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் இது எகிப்தியரின் ஞான நூல் என்று எழுதிவிட்டார். ஷாம்போலியன் எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை அறிவித்தது 1822-இல். அதாவது எகிப்திய எழுத்து ஒன்றைக்கூட யாரும் படிக்க முடியாத காலத்தில் சொல்லப்பட்ட கதை இது. சில வருடத்திலேயே எத்தெய்லா என்பவர் குறி சொல்வதற்கென்றே தனிக் கட்டு அச்சிட்டார். பிறகு எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சு மறைஞான எழுத்தாளர் 22 படங்களை 22 எபிரேய எழுத்துகளோடு பொருத்தினார். ஒருவர் மேல் ஒருவர் கட்டிய மாடிகள் இவை. கீழே இருப்பது சீட்டாட்டம்.

அப்படியானால் வெறும் சூதாட்டச் சீட்டில் ஞானம் எங்கிருந்து வரும்?

படத்திலிருந்து. அந்த 22 படங்களை வரைந்தவர்கள் தங்கள் ஊரில் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவற்றைத்தான் வரைந்தார்கள். தேவாலயச் சுவரில் மரணம் அரசனையும் ஏழையையும் ஒன்றாக இழுத்துப் போகும். சக்கரத்தின் உச்சியில் ஒருவன் உட்கார்ந்திருக்க அடியில் ஒருவன் நசுங்கிக் கிடப்பான். நீதி கையில் தராசோடு நிற்கும். ஒரு சமூகம் வாழ்க்கையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் படமாக்கி வைத்திருந்தது. அதைச் சீட்டாட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதன். அன்றைய இத்தாலிய நகரங்களில் துரோகிகளுக்கு அப்படியொரு தண்டனை இருந்தது. ஆள் தப்பி ஓடிவிட்டால் அவன் தலைகீழாகத் தொங்குவதுபோல் பொதுச் சுவரில் படம் வரைந்து அவமானப்படுத்துவார்கள். 1440-இல் ஃபிளாரன்ஸில் இப்படி வரைந்த ஆந்திரேயா தெல் காஸ்தாஞோவுக்கு 'தூக்கிலிடப்பட்டவர்களின் ஆந்திரேயா' என்றே பட்டப்பெயர் விழுந்தது. பழைய இத்தாலியர்கள் இந்தச் சீட்டைத் துரோகி என்றே அழைத்தார்கள். 1909-இல் வந்த, பின்னால் நான் சொல்லப்போகும் கட்டில் அதே மனிதன் அதேபோல் ஒற்றைக் காலில்தான் தொங்குகிறான், ஆனால் முகத்தில் அமைதி, தலையைச் சுற்றி ஒளிவட்டம். ஊர் காறித் துப்பிய நிலையும் உலகத்தைத் தலைகீழாகப் பார்த்துத் தெளிந்த நிலையும் ஒரே படத்துக்குள் இருக்கின்றன. ஊர் வாயில் விழுந்த ஒரு மனுஷி இந்தச் சீட்டின் முன்னால் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்காலத்தைச் சொல்லுமா?

சொல்லாது.

ஆனால் எனக்குப் பார்த்தவர் சொன்னது அப்படியே பொருந்தியதே?

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். உங்கள் குணத்தைத் தனித்தனியாக ஆராய்ந்து எழுதியது என்று சொல்லி ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதன் வரிகளில் பெரும்பாலானவை ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

"வெளியே தைரியமாக இருந்தாலும் உள்ளே கவலைப்படுகிறீர்கள்" என்றால் யார்தான் இல்லை என்பார்கள்? இது மற்றவர்கள் நம்மை ஏமாற்றும் வழி மட்டுமல்ல, நம் நோட்டில் நாமே நம்மை ஏமாற்றிக்கொள்ளும் வழியும் இதுதான். அதனால் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒரு கேள்வி கேட்பேன்: இது எதிர் வீட்டுக்காரிக்கும் பொருந்துமா? பொருந்தினால் அடித்துவிடுவேன். "எனக்குப் பொறுமை வேண்டும்" என்ற வரி நிற்காது. "நேற்று அம்மா மூன்றாவது முறை மாத்திரை எங்கே என்று கேட்டபோது டம்ளரைச் சத்தமாக வைத்தேன்" என்ற வரி நிற்கும்.

கிளி ஜோசியமும் இதுவும் ஒன்றுதானே?

சீட்டு எடுக்கும் விதம் ஒன்றுதான், எதை எடுக்கிறோம் என்று நமக்குத் தெரியாது. ஆனால் நான் சொல்லும் பயிற்சிக்கு நம் பக்கத்தில் கிளி ஜோசியத்தைவிட நெருக்கமான ஒன்று இருக்கிறது. தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்ப்பது. மனதில் பாரத்தோடு ஓலைகளுக்கு நடுவே கயிற்றை நுழைத்து, திறந்த இடத்தில் உள்ள பாட்டைப் படிப்பார்கள். மெய்கண்டாரின் தந்தை அச்சுத களப்பாளர் பிள்ளை வரம் வேண்டித் தவித்தபோது அப்படிப் பார்க்க, திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது என்று சைவ மரபு சொல்லும். களப்பாளர் திருவெண்காட்டுக்குப் போய் நீராடி வழிபட்டார்.

பக்தரின் நம்பிக்கையில் அது இறைவன் கொடுத்த உத்தரவு. டாரோவுக்கு அந்தப் புனிதம் கிடையாது, நான் அதைக் கோரவும் மாட்டேன். ஆனால் இரண்டிலும் பொதுவாக ஒன்று உண்டு. நம் விருப்பத்துக்கு வசதியான பக்கத்தை நாமே புரட்டிக்கொள்ள முடியாது. வந்ததோடு உட்கார வேண்டும். என் அனுபவத்தில் மூன்று சீட்டு எடுத்தால் அதில் ஒன்றாவது நான் பார்க்க விரும்பாததாக இருக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற இரண்டும்.

எந்தக் கட்டு வாங்கலாம்?

ரைடர்-வெய்ட்-ஸ்மித் கட்டு. 1909-இல் லண்டனில் வில்லியம் ரைடர் கம்பெனி வெளியிட்டது. திட்டம் மறைஞான எழுத்தாளர் ஏ. ஈ. வெய்ட்டுடையது, வரைந்த கை பமீலா கோல்மன் ஸ்மித்துடையது.

பமீலாவைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் இதைக் கடக்க முடியாது. லண்டனில் பிறந்து, ஜமைக்காவில் சில வருடம் வளர்ந்து, நியூயார்க்கில் ஓவியம் படித்தவர். அதுவரை வந்த கட்டுகளில் எண் சீட்டுகள் பெரும்பாலும் வெறும் அடுக்குகள்தான். ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பையை அடுக்கி வரைந்திருப்பார்கள், அவ்வளவே. பமீலா ஒவ்வொன்றையும் ஒரு காட்சியாக்கினார். 15-ஆம் நூற்றாண்டு இறுதியின் சோலா புஸ்கா கட்டு ஒன்றில் மட்டும் அப்படி மனிதர்கள் உண்டு. அதன் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. மூன்று வாள் குத்திய இதயத்தை அங்கிருந்துதான் அவர் எடுத்திருக்க வேண்டும். சில மாதங்களில் முழுக் கட்டையும் வரைந்து முடித்துவிட்டு, பெரிய வேலை, மிகக் கொஞ்சக் காசு என்று ஒரு நண்பருக்கு எழுதினார். 1951-இல் கார்ன்வாலில் வறுமையில் இறந்தார். நெடுங்காலம் இந்தக் கட்டு அவர் பெயர் இல்லாமலே விற்றது. சீட்டுகளின் மூலையில் கொடிபோல் சுருண்ட அவருடைய கையெழுத்து இருக்கும். முதல் நாளே அதைத் தேடிப் பாருங்கள்.

எண் சீட்டுகளில் கதை இருப்பதால்தான் தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டைச் சொல்கிறேன். பழைய பிரெஞ்சு மரபின் மார்சேய் கட்டும் அழகானதே, ஆனால் அதன் அடுக்குகளோடு பேசுவதற்கு நாள் பிடிக்கும். முதல் கட்டைப் பரிசாகத்தான் பெற வேண்டும், சொந்தக் காசில் வாங்கக் கூடாது என்பதையெல்லாம் நம்ப வேண்டாம். கடையில் வாங்குங்கள்.

எப்படித் தொடங்குவது?

கூடவே வரும் சின்னப் புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் அதைத் தொட வேண்டாம்.

காலையில் கட்டைக் கலைத்து ஒரு சீட்டு எடுங்கள். முதல் ஐந்து நிமிடம் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். "சோகமான மனிதன்" என்று எழுதக் கூடாது. கறுப்பு அங்கி, குனிந்த தலை, கீழே கவிழ்ந்த மூன்று கோப்பை, முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கோப்பை, ஆறு, பாலம், அக்கரையில் ஒரு வீடு. இது கோப்பை ஐந்து. அடுத்த ஐந்து நிமிடம் அந்தப் படத்தில் நான் யார் என்று எழுதுங்கள். மனிதர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பாலமாகவும் இருக்கலாம். கடைசி ஐந்து நிமிடம், கடந்த சில நாட்களில் நடந்த ஒரு சம்பவம். ஒன்றே ஒன்று, பேசிய பேச்சோடு.

இதில் என்ன கிடைக்கும் என்பதற்கு என் நோட்டிலிருந்தே ஒன்று. காசு ஆறு என்ற சீட்டில் ஒரு பணக்கார வியாபாரி நிற்கிறார். இரண்டு பக்கமும் இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவன் கையில் காசு விழுகிறது. அப்பா போன பிறகு தம்பியின் இன்ஜினியரிங் ஃபீஸை மூன்று வருடம் நான்தான் கட்டினேன். முதல் தடவை இந்தச் சீட்டு வந்தபோது, "கொடுக்கிறவள் நான்" என்று பெருமையாகவே எழுதி வைத்தேன். இரண்டாம் தடவையும் கிட்டத்தட்ட அதையே எழுதினேன். மூன்றாம் தடவை, கண்ணுக்குத் தெரிவதை வரிசையாக எழுதிக்கொண்டு வரும்போது, அந்த வியாபாரியின் இன்னொரு கைக்கு வந்ததும் என் பேனா நின்றது. அந்தக் கையில் தராசு இருந்தது. கொடுக்கிறபோதே எடை போடுகிறார்.

நான் எப்போதெல்லாம் எடை போட்டேன் என்று எழுத ஆரம்பித்தேன். பொங்கலுக்கு அவன் வந்தபோது, அவன் வண்டி வாங்கியபோது, அவன் மனைவி இருக்கும்போது. ஒரு பக்கம் நிறைந்தது. எதுவும் பொய்யில்லை, "அன்னைக்கு நான் கட்டலன்னா" என்று ஏதோ ஒரு பேச்சில் நுழைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அன்று ராத்திரி அவனுக்குப் போன் போட்டேன். அவன் பிள்ளைக்குப் பல் முளைத்த கதையை அரை மணி நேரம் கேட்டேன். ஃபீஸ் பேச்சு வரவில்லை. வைக்கப் போகும்போது, "என்னக்கா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றான்.

சீட்டுக்கு என் தம்பியைத் தெரியாது. தராசை பமீலா 1909-இல் வரைந்துவிட்டார். நான் அதைப் பார்க்க மூன்று தடவை ஆனது.

அர்த்தங்களை மனப்பாடம் செய்ய வேண்டாமா?

பிறகு படியுங்கள். வெய்ட் என்ன நினைத்தார், மார்சேய் மரபு என்ன சொல்கிறது என்பதெல்லாம் படிக்கப் படிக்கச் சுவையான விஷயம், நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் முதலிலேயே மனப்பாடம் செய்தால் படத்தைப் பார்க்கிற கண் மூடிக்கொள்ளும். 'காசு ஆறு என்றால் தாராளம்' என்று உருப்போட்டிருந்தால் தராசை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

சீட்டு தலைகீழாக வந்தால்?

நேராகத் திருப்பி வையுங்கள். தலைகீழுக்குத் தனி அர்த்தம் சொல்லும் முறை உண்டு. முதல் வருடத்துக்கு அது சுமைதான்.

மரணம் வந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

முதலில் கணக்கு. 78-இல் ஒரு சீட்டு அது. பத்துச் சீட்டு பரப்பும் முறையில் சராசரியாக எட்டுக்கு ஒரு தடவை வரத்தான் செய்யும். வந்த ஒவ்வொரு வீட்டிலும் சாவு விழுந்திருந்தால் டாரோ பார்ப்பவர் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

பிறகு படத்தைப் பாருங்கள், பயத்தோடேயே பாருங்கள். வெள்ளைக் குதிரையில் கவசம் போட்ட எலும்புக்கூடு. கையில் கறுப்புக் கொடி, அதில் வெள்ளை ரோஜா. ராஜா கீழே விழுந்து கிடக்கிறார், கிரீடம் உருண்டுவிட்டது. பிஷப் கை கூப்புகிறார். இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தை மட்டும் அதை நேருக்கு நேர் பார்க்கிறது. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். "இது மரணமில்லை, மாற்றம்தான்" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. மரணம் மரணமும்தான். பெற்றோருக்கு வயதாகிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு இந்தச் சீட்டு வந்தால், அந்த நான்கு பேரில் இன்று நான் யார் என்று எழுதலாம். அது நல்ல கால் மணி நேரம்.

என் சமயத்துக்கு இது விரோதமா?

குறி கேட்பதைச் சில சமயங்கள் தெளிவாகவே விலக்குகின்றன. உங்கள் மனம் உறுத்தினால் விட்டுவிடுங்கள், இதைவிட்டால் வேறு வழியில்லை என்பதில்லை. படம் பார்த்து யோசிப்பது வேறு என்று உங்களுக்குத் தோன்றினால் செய்யுங்கள். பமீலா இந்தக் கட்டை வரைந்த இரண்டாம் வருடம், 1911-இல், கத்தோலிக்கத்தில் சேர்ந்து கடைசிவரை அதில் இருந்தார்.

ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப எடுக்கலாமா?

கூடாது. நல்ல சீட்டு வரும்வரை எடுப்பது பார்ப்பதே அல்ல. கை துறுதுறுத்தால் கட்டை மூடிவிட்டு, எந்தச் சீட்டுக்காகக் காத்திருந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

மற்றவர்களுக்குப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பேச வேண்டியது அவர்கள். நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள்: உன் கண் முதலில் எங்கே போகிறது? இதில் யாரைப் பிடிக்கவில்லை? நோய், வழக்கு, கடன், கர்ப்பம் இவற்றுக்குச் சீட்டு எடுக்காதீர்கள். அவற்றுக்கு டாக்டரும் வக்கீலும் இருக்கிறார்கள். இன்னொன்று, அங்கே இல்லாத ஆளைப் பற்றிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். "அவர் மனசுல என்ன இருக்கு?" என்பதற்குக் கட்டில் பதில் கிடையாது. பதில் சொன்னால் அது ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் நாம் கட்டுகிற கதை. தோஷம் இருக்கிறது, பரிகாரத்துக்கு இவ்வளவு ஆகும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்போது உதவுமா?

சாதாரணக் கஷ்டத்தில் உதவும். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் கட்டை எடுக்காதீர்கள். அப்போது எந்தப் படமும் கறுப்பாகத்தான் தெரியும். இந்தியாவில் இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. அந்த எட்டு மாதம் கட்டு பீரோவில் இருந்தது, மருந்தும் ஆலோசனையும்தான் என்னை எழுப்பின.

கற்று முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?

வாரம் ஒரு சீட்டு என்று வைத்துக்கொண்டால் 78 வாரம், சரியாக ஒன்றரை வருடத்தில் ஒரு சுற்று முடியும். தினம் எடுப்பதோடு இதையும் சேர்த்துச் செய்யச் சொல்வேன். அந்த வாரத்துச் சீட்டைக் கண்ணாடி ஓரத்திலோ அடுப்படிச் சுவரிலோ செருகி வையுங்கள். சாம்பார் கொதிக்கிற நேரத்தில் பார்த்தாலும் பார்த்ததுதான்.

காசு ஒன்பதில், திராட்சைத் தோட்டத்தில் ஒரு பெண் தனியாக நிற்பாள், கையில் ராஜாளி. முதல் சுற்றில் அவளுடைய அழகான அங்கியையும் தோட்டத்தையும் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டாம் சுற்றில்தான் ராஜாளியின் கண்களை முகமூடி மறைத்திருப்பதைக் கவனித்தேன். படத்தின் அடியில், அவள் காலடிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு நத்தை ஊர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தது மூன்றாம் சுற்றில்.